ஆட்டோமேட்டிக் டகோமாவை கிளட்ச் வண்டியாக மாற்றலாமா?

பழைய_பிக்கப்:

வணக்கம். டெக்ஸாஸ், ஆஸ்டினில் இருக்கிறேன். வண்டி 2002 டொயோட்டா டகோமா, 3.4 லிட்டர் வி6, ஃபோர் வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். 2,10,000 மைல் ஓடியது. போன மாதம் ஒரு மேட்டில் ஏறும்போது கியர் பிடிக்காமல் நழுவ ஆரம்பித்தது. எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. எப்படியோ உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால், சிவப்பு ஆயிலுக்குப் பதில் அப்படியே ரோஸ்மில்க். ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ஒன்று ஓடுகிறதே, அது உள்ளே விட்டுப்போய் கூலன்ட்டும் ஆயிலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இருபது வருடம் தாண்டிய ரேடியேட்டரை மாற்று என்று நண்பன் இரண்டு முறை சொன்னான், நான்தான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையதுதான்.

இப்போது கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்து தர 4,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அவ்வளவு கொடுத்து மறுபடி அதே ஆட்டோமேட்டிக்கையா வைத்துக்கொள்வது என்று ஒரு யோசனை. நான் வண்டி ஓட்டப் பழகியதே போடியில் மாமாவின் ஜீப்பில்தான். போடிமெட்டு வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறி இரண்டாவது கியரிலேயே இறங்கிய ஆள். இங்கே வந்து 14 வருடமாக இடது கால் சும்மாவே கிடக்கிறது.

இதே வருட டகோமா ஐந்து கியர் மேனுவலாகவும் வந்திருக்கிறது என்பதால் உருப்படி எல்லாம் எங்கோ ஒரு உடைப்புக் கடையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வீட்டு கராஜில், சனி ஞாயிறில், நானும் ஒரு நண்பனும் சேர்ந்து செய்ய முடியுமா? கிளட்ச் பிளேட் மாற்றிய அனுபவம் ஒரே ஒரு முறை உண்டு, அதுவும் காரில். கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். செய்யாதவர்களும் திட்டலாம்.


கணக்குப்பிள்ளை:

திட்டச் சொன்னதால் நானே ஆரம்பிக்கிறேன். இதே வண்டியை கியர்பாக்ஸ் போனது என்று சொல்லியே விற்றாலும் டகோமா என்ற பெயருக்கு வாங்க ஆள் வருவார்கள். அந்தப் பணத்தோடு உங்கள் 4,000-ஐச் சேர்த்து, கம்பெனியிலேயே மேனுவலாகப் பிறந்த வண்டி ஒன்றை வாங்கிவிடலாம். நீங்கள் செய்யப்போவது கியர்பாக்ஸ் மாற்றும் வேலை இல்லை. பெடல், ஹைட்ராலிக், வயரிங், ஜாயிண்ட், கம்ப்யூட்டர் என்று ஐந்து வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட் குறையும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வாரம் போகும். ஒரு நல்ல பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியை வாங்கி மாட்டினால் இரண்டு நாளில் முடியும், அதோடு புது ரேடியேட்டர், தனியாக வெளியே ஒரு ஆயில் கூலர், தீர்ந்தது.

இடது காலுக்கு வேலை வேண்டுமென்றால் தையல் மெஷின் வாங்குங்கள்.


கிரீஸ்_கை:

மேலே கணக்குப்பிள்ளை சொன்னது கணக்காகச் சரி. ஆனால் கணக்குப் பார்க்கிறவர்கள் 20 வருடப் பிக்கப்பே வைத்திருக்க மாட்டார்கள். நான் இதைச் செய்தவன். 2000 டகோமா, உங்களுடைய அதே எஞ்சின், கலிஃபோர்னியாவில். ஏழு வார இறுதி ஆனது. மூன்று போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

முதலில் ரோஸ்மில்க் விஷயம். பழைய பெட்டியை ஆயில் மாற்றி மாற்றிக் கழுவினால் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால், உள்ளே உள்ள கிளட்ச் தகடுகளில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும். கலந்தவுடனே கண்டுபிடித்து வண்டியை நிறுத்தினால் ஒரு வாய்ப்பு உண்டு. உங்களுடையது நழுவியே விட்டது, அது போனதுதான். மேனுவலுக்கு மாறினால் ரேடியேட்டருக்குள் ஆயில் குழாயே தேவையில்லை, இந்த நோய் அந்த வண்டிக்கு இனி வரவே வராது. எனக்கு இதில் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான். ஆனால் எஞ்சின் பக்கமும் கூலன்ட் பாதையை நன்றாகக் கழுவுங்கள், ஆயில் ஹோஸ் பைப்புகளை ஊறவைத்துக் கெடுத்திருக்கும்.

உங்களிடம் இருப்பது ஏ340எஃப் என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி. வேண்டியது ஆர்150எஃப் என்ற மேனுவல் பெட்டி. கடைசியில் இருக்கும் எஃப் ஃபோர் வீலுக்கானது, வெறும் ஆர்150 என்று டூ வீல் டிரைவ் வண்டியின் பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். இன்னொன்று, 2.7 லிட்டர் நாலு சிலிண்டர் டகோமாவில் வரும் டபிள்யூ59 பெட்டி வி6 எஞ்சினில் உட்காராது. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று நான் அதைத்தான் முதலில் வாங்கப் போனேன், விற்றவரே நல்ல மனிதர், "உன் எஞ்சின் எது" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

பெட்டியை மட்டும் தனியாக வாங்காதீர்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கிளட்ச் பெடல் மட்டும் இல்லை, பிரேக் பெடலும் அந்த பிராக்கெட்டோடு வேண்டும், ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கின் அகலப் பிரேக் பெடல் கிளட்ச்சுக்கு இடம் விடாது. மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவில் வளைந்து போகும் இரும்புக் குழாய், ஃப்ளைவீல், அதன் போல்ட்டுகள் (ஆட்டோமேட்டிக்கின் மெல்லிய தகட்டைப் பிடித்த போல்ட்டுகளை இதில் போடக்கூடாது), பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முன் பின் ஜாயிண்ட் ஷாஃப்ட் இரண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), தரையில் கியர் லீவர் வரும் இடத்து மூடித்தகடு, ரப்பர் பூட், ஸ்டார்ட்டர், கம்ப்யூட்டர், வயர் கட்டு. இத்தனையும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் எதற்கும் அளவு எடுக்க வேண்டாம். நான் நாலு இடத்தில் வாங்கினேன், அதனால்தான் ஏழு வாரம்.

கழற்றுவது பயப்படும் அளவுக்கு இல்லை. டார்க் கன்வர்ட்டரை (எஞ்சின் விசையை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் பெட்டிக்குக் கடத்தும் உருளை) பிடித்திருக்கும் ஆறு போல்ட்டை கிராங்க்கைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுக்காமல் பெட்டியை இழுத்தால் கன்வர்ட்டர் எஞ்சினோடு நின்று, இரண்டு லிட்டருக்கும் மேல் ரோஸ்மில்க்கை உங்கள் முகத்தில் ஊற்றும். பெட்டியை எஞ்சினோடு பிடிக்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள்தான் கொடுமை. மூன்றடி நீட்டிக் கம்பியை கியர்பாக்ஸுக்கு மேலாகப் பின்னாலிருந்து விட்டுக் கழற்றினேன். டிரான்ஸ்மிஷன் ஜாக் வாடகைக்கு எடுங்கள். நெஞ்சில் வைத்து ஏற்றுகிற வீரம் எல்லாம் 25 வயதோடு போகட்டும்.

ஓட்டுவதில் வித்தியாசம் என்றால், ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 2.80, ஆர்150எஃப்-இல் 3.83. லோ ரேஞ்சில் போட்டுக் கல்லும் முள்ளுமான இறக்கத்தில் விட்டால் பிரேக்கே தொடாமல் எறும்பு மாதிரி இறங்கும், போடிமெட்டு ஆளுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஹைவேயில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்தாவது கியர் 0.84-தான், ஆட்டோமேட்டிக்கின் ஓவர்டிரைவ் அதைவிட நீளமானது. ஆக்ஸில் விகிதம் 4.10, டயர் 31 அங்குலம் என்றால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 2,600 சுற்றில் ஓடும். முன்பைவிடச் சில நூறு அதிகம். காதுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரையே வைத்து ஓட்டிப் பார்த்தேன், வண்டி நன்றாகவே ஓடியது, ஆனால் செக் எஞ்சின் விளக்கு அணையவே இல்லை. உள்ளே இல்லாத கியர்பாக்ஸின் சோலினாய்டுகளை (கம்ப்யூட்டர் மின்சாரத்தால் இயக்கும் வால்வுகள்) தேடிக்கொண்டே இருக்கிறது, பாவம். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புகைச் சோதனை, 2000-இலும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு கம்ப்யூட்டரில் வயரைச் செருகித்தான் பார்க்கிறார்கள், விளக்கு எரிந்தால் அங்கேயே தோல்வி. கடைசியில் அதே வருட மேனுவல் வண்டியின் கம்ப்யூட்டரும் எஞ்சின் வயர் கட்டும் வாங்கிப் போட்டுத்தான் தப்பித்தேன். வருடம் மாறினால் கனெக்டர் பின்களின் அமைப்பு மாறலாம், அதே வருடமாகவே தேடுங்கள்.

எனக்கு மொத்தம் 2,700 டாலர் ஆனது, வாங்கிய பிறகு தேவைப்படாமல் கிடக்கும் உருப்படிகளையும் சேர்த்து. வருத்தம் இல்லை.


கோவை_லேத்:

நான் டகோமாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் கிளட்ச் எந்த ஊரிலும் கிளட்ச்தான். சிங்காநல்லூர் பக்கம் லேத் வைத்திருக்கிறேன். ஃப்ளைவீல் ஃபேஸிங் பிடிக்க (முகத்தைக் கடைந்து சமமாக்க) வாரத்துக்கு நாலு வண்டி வரும், அதில் ஒன்று கட்டாயம் வேலை முடிந்து மாட்டித் திரும்பக் கழற்றிய கேஸாக இருக்கும். அவர்கள் செய்யும் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின் நுனியில், நட்ட நடுவில் ஒரு குழி இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அதில் கன்வர்ட்டரின் மூக்கு உட்காரும். மேனுவலில் அங்கே பைலட் பேரிங் போட வேண்டும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி அதில்தான் சுற்றும். ஆட்டோமேட்டிக் எஞ்சினில் அந்த பேரிங் இருக்காது, யாரும் போட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். மறந்து மாட்டினால் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. ஷாஃப்ட் ஆடி ஆடி முன் பேரிங்கைத் தின்றுவிடும், ஆறு மாதத்தில் பெட்டி ஊளையிடும். சில எஞ்சின்களில் ஆட்டோமேட்டிக்குக்குப் போன கிராங்க்கில் அந்தக் குழியைக் கடைசி அளவுக்குக் கடைந்திருக்கவே மாட்டார்கள். உங்கள் எஞ்சினில் எப்படியோ, பெட்டியைக் கழற்றிய அன்றே வெர்னியர் வைத்துக் குழியை அளந்து, கையில் பேரிங்கோடு ஒப்பிட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளக்கப் போகாதீர்கள்.

பழைய ஃப்ளைவீல் வந்தால் அப்படியே போடாதீர்கள். நீல நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது சூட்டில் இறுகிய இடம், ஃபேஸ் பிடித்தாலும் சில நேரம் ஆழத்தில் நிற்கும், அப்போது புதிதாக வாங்குவதுதான் வழி. கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டி, பெடலை மிதித்தாலும் கியர் விழாமல், மாஸ்டர் சிலிண்டர் கோளாறு என்று நினைத்து இரண்டு மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய ஒருவர் போன வாரம்தான் வந்தார். நல்ல கை உள்ள மெக்கானிக்தான், அன்றைக்குத் தூக்கம் இல்லையாம்.

பிளேட்டை நடுவில் நிறுத்த பிளாஸ்டிக் குச்சி ஒன்று கிட்டோடு வரும், அது போதும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெட்டி கடைசி ஒரு அங்குலம் உள்ளே போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு டீ குடியுங்கள். போல்ட்டைப் போட்டு இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், இல்லையென்றால் ஹவுசிங் காது உடையும். கியரில் போட்டு, பின் ஷாஃப்ட்டைக் கையால் லேசாகச் சுற்றிக் கொடுத்தால் பல் பொருந்தி "ளக்" என்று தானே போகும்.

கிளட்ச்சுக்கு ஏர் எடுக்கும்போது புது பிரேக் ஆயில் மட்டும். ரிலீஸ் பேரிங் புதிதாகவே போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.


பழைய_பிக்கப்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பைலட் பேரிங் என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை, கோவை அண்ணா. நல்லவேளை கேட்டேன்.

கம்ப்யூட்டர் பற்றி ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் சோலினாய்டுகளைத்தானே தேடுகிறது, அந்த இடத்தில் அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை வயரில் கோத்துவிட்டால் இருக்கிறது என்று நம்பிவிடும், கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். அலுவலக மேசை டிராயரில் ரெசிஸ்டர் பொட்டலமே கிடக்கிறது. செய்யலாமா? இங்கே டெக்ஸாஸில் 2025 ஜனவரியிலிருந்து சாதாரண வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுண்டியில் புகைச் சோதனை இன்னும் உண்டு. 24 வருடம் தாண்டிய வண்டிக்கு அது கிடையாது, என் வண்டிக்கு அந்த எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது.


ஓம்ஸ்_விதி:

டிராயரில் கிடக்கும் பொட்டலத்தை டிராயரிலேயே வையுங்கள். அது கால் வாட் ரெசிஸ்டராகத்தான் இருக்கும். அந்தச் சோலினாய்டு ஒவ்வொன்றும் 11 முதல் 15 ஓம் வரை. 13 என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓடும்போது 14 வோல்ட், அப்போது ஓடும் கரன்ட் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல், வெளியேறும் சூடு 15 வாட். கால் வாட் ரெசிஸ்டர் சில நொடியில் புகைந்து வயர் கட்டையும் கூட்டிக்கொண்டு போகும். 50 வாட் தாங்கும், அலுமினியக் கூடு போட்ட ரெசிஸ்டர் வாங்கி, வண்டியின் சேசிஸ் சட்டத்தில் ஏதாவது இரும்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால்தான் தாங்கும். மொத்தம் மூன்று வேண்டும், கியர் மாற்ற இரண்டு, கன்வர்ட்டரைப் பூட்ட ஒன்று.

சரி, அதையும் சரியாகச் செய்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதிதான் தீரும். பி0753, பி0758, பி0773 என்று வரும் கோளாறு எண்கள் மின் தொடர்பு அறுந்ததைச் சொல்பவை, ரெசிஸ்டர் அவற்றை மட்டும் ஏமாற்றும். பி0750, பி0755, பி0770 என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, பெட்டியிலிருந்து வெளியே வருவது எவ்வளவு சுற்றுகிறது என்று ஒப்பிட்டு, தான் சொன்ன கியரில்தான் வண்டி ஓடுகிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். அது இரண்டாவது என்று நினைக்கும் நேரத்தில் நீங்கள் நாலாவதில் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்தப் பொருத்தமின்மைக்கு ரெசிஸ்டர் கிடையாது. பார்க், நியூட்ரல் நிலையைச் சொல்லும் சுவிட்சுக்கு பி1780 தனியாக வரும்.

சோதனைக்குப் போகும் வண்டியில் இப்படிக் கண்ணைக் கட்டி வைப்பது சரியும் இல்லை. கிரீஸ்_கை சொன்ன மாதிரி மேனுவல் கம்ப்யூட்டர், வயர் கட்டோடு, அதே வருடம். அது ஒன்றுதான் சுத்தமான வேலை. 24 வருடம் தாண்டிவிடும் என்று காத்திருந்தாலும், எப்போதும் எரிகிற விளக்கு இருந்தால் நாளைக்கு உண்மையிலேயே ஆக்சிஜன் சென்சார் போனாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ரிவர்ஸ் விளக்கு வயரை மறக்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் அது பார்க் நியூட்ரல் சுவிட்ச் வழியாக வருகிறது, மேனுவலில் பெட்டியின் பக்கவாட்டில் தனிச் சுவிட்ச். க்ரூஸ் கன்ட்ரோல் வைத்திருந்தால் கிளட்ச் பெடலில் அதை விடுவிக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் க்ரூஸில் போகும்போது கிளட்ச்சை மிதித்தவுடன் எஞ்சின் கத்திக்கொண்டு மேலே ஏறும்.


ஸ்காபரோ_அண்ணை:

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலை ஹைலக்ஸும் லொறியும் திருத்தின ஆள், இப்ப முப்பது வருசமா ரொறன்ரோ. இஞ்சை எல்லாரும் பெட்டியைப் பற்றியே கதைக்கிறியள், வண்டியின்ரை சேசிஸ் சட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. முதல் வேலையா ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழை படுத்து, சட்டம் முழுக்கத் தட்டிப் பார். அந்தக் காலத்து டகோமாவிலை சட்டம் உள்ளாலை கறள் (துரு) பிடிக்கிறது உலகத்துக்கே தெரிஞ்ச கதை. 2008இலை கொம்பனியே 1995 தொடக்கம் 2000 வரையான வண்டியளுக்கு உத்தரவாதத்தை நீட்டி, மோசமானதுகளைச் சந்தை விலையிலை ஒண்டரை மடங்கு குடுத்துத் திருப்பி வாங்கினது. பிறகு 2004 வரையான வண்டியளுக்கும் நீட்டினவை. டெக்ஸாஸிலை எங்கடை மாதிரிப் பனிக்கு ரோட்டிலை உப்புக் கொட்டுறேல்லை, உன்ரை நல்லாய்த்தான் இருக்கும். ஆனா உடைச்சு எடுக்கிற வண்டி எங்கையிருந்து வந்தது எண்டு பார். எங்கடை பக்கத்து வண்டியெண்டால் ஒவ்வொரு போல்ட்டும் முறியும்.

இரண்டாவது, ஸ்டார்ட் வயர். ஆட்டோமற்றிக்கிலை பார்க்கிலையோ நியூட்ரலிலையோ இருந்தாத்தான் ஸ்டார்ட்டர் சுத்தும். பெட்டியைக் கழட்டினால் அந்தச் சுவிட்சும் போய்விடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனை எல்லாரும் செய்யிற வேலை, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுத்தி விடுறது. நானும் ஒருக்கால் ஒரு வண்டியிலை "பிறகு பாப்பம்" எண்டு முறுக்கி விட்டனான். வண்டி முதலாம் கியரிலை நிண்டது. மகன் பாட்டுக் கேக்க எண்டு போய்த் திறப்பைத் திருப்பினவன், ஒரு சுத்துக் கூடுதலாத் திருப்பிப்போட்டான். வண்டி துள்ளிப் போய் கராஜ் கதவை நடுவாலை மடிச்சுப்போட்டுது. கதவுக்கு முன்னாலை ஆள் இல்லை, அவ்வளவுதான் அண்டைக்கு நாங்கள் செய்த புண்ணியம். அந்த வயரைக் கிளச் பெடல் சுவிட்சுக்குக் கொண்டுபோ, முதல் நாளே.

மனுவல் ஃபோர் வீல் டகோமாவிலை டாஷிலை ஒரு பொத்தான் வரும், கிளச் மிதிக்காமல் ஸ்டார்ட் பண்ண விடுறதுக்கு. பாறையிலை ஏறேக்கை எஞ்சின் நிண்டால், கியரிலையே வைச்சு ஸ்டார்ட்டராலை ஒரு அடி முன்னுக்கு நகர்த்தலாம், பின்னுக்கு உருளாது. உடைக்கிற வண்டியிலை அது கிடந்தால் வயரோடை பிடுங்கு. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருந்தால் மட்டும் பூட்டாதை.

பெட்டி ஒயில் 75டபிள்யூ-90, இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் மேலை பிடிக்கும். கீழ்ப் போல்ட்டைக் கழட்ட முதல் மேல் போல்ட் கழருதோ எண்டு பார், இல்லாட்டி ஒயிலை விட்டிட்டு நிரப்ப வழியில்லாமல் நிப்பாய். கியர் லீவர் கஞ்சிக்குள்ளை அகப்பை விட்ட மாதிரி ஆடினால் பெட்டி பழுது எண்டு நினைச்சு விலையைப் பாத்துப் பயப்பிடாதை. லீவரின்ரை அடியிலை ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கு, சில டொலர்தான், அதை மாத்தினால் புது வண்டி மாதிரி விழும். ஆனா விக்கிறவனிட்டை அதைச் சொல்லாதை, ஆடுது எண்டே சொல்லி விலையைக் குறை.


கணக்குப்பிள்ளை:

அண்ணை சொன்ன கடைசி வரிக்காகவே என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.


பழைய_பிக்கப்:

சுத்தியலோடு படுத்துப் பார்த்தேன். சட்டம் கெட்டியாக இருக்கிறது, பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம் மட்டும் மேல் கறள், கம்பி பிரஷ் போட்டால் போகும்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. சான் அன்டோனியோவில் பின்பக்கம் நசுங்கிய 2002 ஒன்று கிடைத்திருக்கிறது, வி6, ஃபோர் வீல், ஐந்து கியர், முழு வண்டியாக 2,200 கேட்கிறார். எஞ்சின் ஓடுகிறது. டெக்ஸாஸிலேயே பிறந்து வளர்ந்த வண்டி என்று சொல்கிறார், பழைய பதிவுகளைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். கியர் லீவர் ஆடுகிறது என்று அவரே வருத்தமாகச் சொன்னார், நான் ஒன்றும் பேசவில்லை, 1,800 என்றேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வேலை முடிந்த பிறகு அதன் எஞ்சின், கதவுகள், முன் விளக்குகள் எல்லாம் விற்றால் பாதிக் காசாவது திரும்பும். வீட்டில் "ஓடாத வண்டி ஒன்று நிற்கும்போது ஓடாத இன்னொன்றா" என்று கேள்வி வந்தது, அதற்கு இன்னும் பதில் தயாராகவில்லை.

இரண்டு வண்டியிலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் என் ஆக்ஸிலையே வைத்துக்கொள்வேன், முன் பின் இரண்டும் ஒரே விகிதமாக இருந்தால் போதும்தானே?


கிரீஸ்_கை:

ஆமாம், முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் போதும், உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள். சான் அன்டோனியோவில் வண்டியைக் கையில் வாங்கும் முன் இரண்டு சோதனை. வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போடுங்கள், கரகரவென்றால் கிளட்ச் முழுக்க விடவில்லை, அது பெட்டிக் கோளாறு இல்லை. பிறகு நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு மிதித்து, விட்டு மிதித்துக் கேளுங்கள். விட்டிருக்கும்போது மட்டும் உறுமல் வந்து மிதித்தால் நின்றுவிட்டால் அது இன்புட் பேரிங், 1,800-இலிருந்தும் இறங்கலாம். முடிந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கடித்தால் கியர்களின் வேகத்தைப் பொருத்தும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

உடைக்கும் முன் அந்த வண்டியின் பெடல் பக்கத்தையும் டாஷ் கீழ் வயர்களையும் ஐம்பது படமாவது எடுத்து வையுங்கள். நான் ஆறு எடுத்தேன், ஆறும் என் விரல்.


பழைய_பிக்கப்:

1,700-க்கு ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை டிரெய்லர் எடுத்துக்கொண்டு போகிறேன். இழுக்க வண்டி இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது, நண்பனின் பிக்கப்பைக் கேட்டிருக்கிறேன். அதுவும் ஆட்டோமேட்டிக்.